ஆஷாடத் தள்ளுபடியும் ஏழுமலையின் இடது காதும்

ஜூலை 12, வெள்ளி

காலையில் தூறல். பத்து மணிக்கு மேல் வெயில். கடை திறந்தது 9.20. ஜெராக்ஸ் மெஷினில் மறுபடியும் கறுப்புக் கோடு.

இப்படித்தான் ஆகும் என்று எனக்கு முன்பே தெரியும். பொட்டியைப் பார்த்த நிமிஷமே தெரியும். அன்றைக்கே சொல்லியும் விட்டேன். யார் கேட்டார்கள்.

விஷயம் இதுதான். தங்கை மகள் ரேவதியின் புது லேப்டாப் நேற்று இரண்டு தடவை, இன்று காலை ஒரு தடவை, தானாகவே அணைந்துவிட்டது. தங்கை சரசா போன் செய்தாள். "ண்ணா, ஒரு தபா வந்து பாத்துட்டுப் போயேன். பொண்ணு மூஞ்சப் பாக்க முடியல." சாயங்காலம் வருகிறேன் என்றேன். போகவில்லை. டோனர் வாங்கப் புத்தூர் போய்விட்டேன். (டோனர் இன்னும் பாதி இருக்கிறது.)

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் எவனும் என்னைச் சொல்லக் கூடாது.

ரேவதி டிப்ளமோ சிவில். வீடு கட்டுகிறவர்களுக்கு, வீட்டு முகப்பு கட்டி முடித்த பிறகு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பாள். எலிவேஷன். தி.பதியில் (திருப்பதி) ஒரு இன்ஜினியர் ஆபீஸ், வீட்டிலிருந்தே செய்கிற வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. மெஷின் சொந்தமாக இருக்க வேண்டும். இருபதாம் தேதிக்குள் நாலு வீட்டுப் படம் போட்டு அனுப்பினால் வேலை. இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு.

அந்தப் படம் சாதாரண லேப்டாப்பில் நகராது. கேம் ஆடுகிற லேப்டாப்தான் இழுக்கும். சரசா ஒத்துக்கொள்ளவில்லை. "கேம் ஆடறதுக்கா நாங்க வாங்கித் தர்து?" நான்தான் விளக்கினேன். "இது டிராக்டர் மாரி சரசா. காரு அழகாத்தான் கீது, அத்த வெச்சி கழனில சேடை ஓட்ட முடியுமா?" உடனே புரிந்துகொண்டாள். எனக்கு விளக்குகிற கை உண்டு.

நாள் குறித்ததும் நான்தான். தெலுங்குக்காரர்களுக்கு ஆஷாடம் ஆறாம் தேதியே பிறந்துவிட்டது, தி.பதி கடைகளில் தள்ளுபடி போர்டு தொங்குகிறது. நமக்கு ஆடி பதினேழாம் தேதிதான். ஆடியில் புதுசு வாங்கச் சரசா சம்மதிக்க மாட்டாள். ஆகவே தள்ளுபடி அவர்கள் பஞ்சாங்கத்தில், நல்ல நாள் நம் பஞ்சாங்கத்தில். நடுவில் பத்து நாள். இந்த இடைவெளியைக் கண்டுபிடித்தவன் ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

புதன்கிழமை, பத்தாம் தேதி போனோம். நான், ரேவதி, அவள் அப்பா ஏழுமலை. ஏழுமலை கிரானைட் பாலிஷ் யூனிட்டில் பதினாறு வருஷமாக இருக்கிறார். கிரேனில் கல் பலகை ஏறும்போது கீழே நின்று குரல் கொடுத்துக் கை காட்டுகிற ஆள். மெஷின் சத்தத்தில் வலது காது போய்விட்டது. இடது காது நல்ல காது.

கடையில் வெளியே வைத்திருந்த பீஸை நான் சோதித்த விதம்:
எடை, கையில் தூக்கி இரண்டரை கிலோ என்றேன், ஸ்டிக்கரில் 2.4.
கிராபிக்ஸ் கார்டு 6 ஜிபி (ரேவதி கேட்டது).
ரேம் 16.
பின்பக்கம் ஃபேன் இரண்டு, கை வைத்துப் பார்த்தேன், நல்ல காற்று.
சார்ஜர் செங்கல் கனம். நல்ல சாமானுக்கு அதுதான் அடையாளம்.
போன வருஷத்து மாடல், அதனால்தான் முப்பது சதவீதம் தள்ளுபடி என்றான் சேல்ஸ்மேன். போன வருஷத்து மாடலால் ஒன்றும் கெட்டுப்போகாது. வாங்கலாம் என்றேன்.

பிறகு உள்ளேயிருந்து பொட்டி வந்தது. அங்கேதான். டேப் மேல் டேப். கீழே கம்பெனி டேப், அதற்கு மேலே கடைக்காரன் டேப். யாரோ வாங்கி, திறந்து, திருப்பிக் கொடுத்த பொட்டி. குவைத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி சர்வீஸ் செக்‌ஷனில் ஆறு வருஷம் இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா.

ரேவதி பில் கவுன்டரில் இருந்தாள். நான் ஏழுமலையின் தோளைப் பிடித்து, இடது காதில், அந்த நல்ல காதில், வாயை வைத்துச் சொன்னேன்: "மாப்ள, இது தொறந்த பொட்டி. வேணாம்." தலையாட்டினார். ஆனால் வாங்கிவிட்டார். இதற்கு மேல் நான் என்ன செய்வது.

ஜூலை 13, சனி

புழுக்கம். மின்சாரம் இரண்டு தடவை போனது. ஆதார் ஜெராக்ஸ் நிறைய.

சாயங்காலம் சரசா வீட்டுக்குப் போனேன். ரேவதி லேப்டாப்பை நாலு டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் வைத்திருந்தாள், அடியில் காற்றுப் போவதற்காக. டேபிள் ஃபேனும் அதன் பக்கம் திருப்பியாகிவிட்டது. வீட்டில் மற்றவர்கள் வேர்த்து வடிகிறார்கள்.

"படம் போட ஆரம்பிச்சா இருவது நிமிஷம் மாமா. அப்பறம் எரியற வாசன வர்து, ஆஃப் ஆயிடுது. இது வரைக்கும் ஒரு படம் கூட முழுசா வர்ல."

கை வைத்தேன். தோசைக்கல். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். என் வாய்க்கு அது போதும்.

"இது புது பீஸே இல்ல. நான் அன்னிக்கே சொன்னேன்."

"யார்கிட்ட ண்ணா?" என்றாள் சரசா.

ஏழுமலை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கம் கை காட்டினேன்.

"எப்போ சொன்ன மச்சான்?"

"கடையில. பில்லு போடசொல்ல. தோளப் புடிச்சி, ஒன் எடது காதுல."

இடது கட்டை விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். "நீ கட்ட வெரல தூக்கிக் காட்ன மாரிதான் எனக்கு ஞாபகம் கீது."

"அது ஸ்கிரீனுக்கு."

சரசா பிடித்துக்கொண்டாள். "காதுல வாய வெச்சி சொல்லிகீது எங்கண்ணன். அது கூட வுழலன்னா அந்த காது இன்னாத்துக்கு? கம்மல் போடவா?"

வேறு நாளாக இருந்தால் ஏழுமலை சிரித்திருப்பார். இன்றைக்குச் சிரிக்கவில்லை. இடது கையைத் தூக்கிக் காதுக்குப் பக்கத்தில் விரலோடு விரல் தேய்த்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். பிறகு ரேவதியிடம் சொன்னார்: "நைனா மேலதாம்மா தப்பு. மாமா சொல்லிகீது. எனக்கு வுழல."

"வுடு நைனா. மொதல்ல துன்னு" என்றாள் அவள்.

அவர் சாப்பிடவில்லை. தட்டோடு எழுந்து போனார். எனக்கு டீ வைத்தார்கள், சர்க்கரை தூக்கலாக, நல்ல டீ. பாதியோடு வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

கோழி அரை கிலோ. வள்ளி நேற்று நடந்ததைக் கேட்டுவிட்டு, வெங்காயம் உரித்தபடி தலை நிமிராமல் சொன்னாள்: "குவைத்துல பொட்டிக்கு டேப் ஒட்ன கை. பொட்டிய பத்தி சொன்னா நான் நம்பறேன். நீ வாயத் தொறந்து சொன்னேன்றதுதான் எங்கியோ இடிக்குது." பெண்டாட்டி என்றால் இடிக்கத்தான் செய்யும்.

சரி, இது எனக்கான நோட்டுதானே. சர்வீஸ் செக்‌ஷன் இல்லை. பேக்கிங். கோடௌனில் ஆறு வருஷம் அட்டைப்பொட்டிக்கு டேப். ஒரு நாளைக்கு முந்நூறு பொட்டி (இருநூறு). சர்வீஸ் செக்‌ஷன் எதிர்க் கட்டடத்தில் இருந்தது. கண்ணாடி வழியாகத் தெரியும்.

பதினோரு மணிக்கு ஏழுமலை என் கடைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் வருகிற வழக்கமில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"மச்சான், எடது பக்கமா நின்னுக்கினு எதனா சொல்லு. மெதுவா."

"இன்னாத்துக்கு?"

"சொல்லேன்."

"இன்னிக்கி ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழம. இன்னும் மெதுவா."

"கோழி அர கிலோ."

"கோழி அர கிலோ. இன்னும்."

உதடு மட்டும் அசைகிற மாதிரி வேறு ஏதோ சொன்னேன். அதையும் திருப்பிச் சொன்னார். பிறகு திரும்பி உட்கார்ந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"இதெல்லாம் வுழ்து. அன்னிக்கி நீ சொன்னது வுழல. அப்போ இது நடுநடுவுல நின்னுபூட்து மச்சான். அதான் பயம். முழுசா போனாக்கூட பரவால்ல, போச்சின்னு தெரியும். இது எப்போ போவும்னு எனக்கே தெரியல. மேல கல்லு தொங்கசொல்ல ஆப்பரேட்டர் நிறுத்துன்றான், கீழ நாலு பேர் நிக்கறாங்க, எனக்கு வுழலன்னா?"

"கடையில கூட்டம் ஜாஸ்தி மாப்ள. சத்தம்."

"யூனிட்ட வுடவா சத்தம்?"

டாக்டரிடம் காட்டலாம் என்றேன். "அப்பப்போ போற காத டாக்டர் எப்டி புடிப்பாரு? நான் போற நேரத்துக்கு அது நல்லா இருக்கும்." அவர் மேலும் சொன்னது: புதன்கிழமை காலை எட்டு மணிக்கு முதலாளி யூனிட்டுக்கு வருகிறார். அவரிடம் சொல்லிவிட்டு கிரேன் வேலையிலிருந்து இறங்கிக்கொள்ளப் போகிறார். யார்டு கூட்டுகிற வேலை காலியாக இருக்கிறதாம்.

பதினாறு வருஷத்தில் அவர் கை காட்டி இறக்கிய கல்லில் ஒருவனுக்கும் விரல் நசுங்கியதில்லை. இதை நான் ஏற்றிச் சொல்லவில்லை. யூனிட்டில் எல்லாரும் சொல்வார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். கடையில் யாரும் இல்லை. அவர் முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருந்தார், முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியிருந்திருக்காது. கோழி அர கிலோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15, திங்கள்

கடைக்கு லீவு. காலை 8.10 பஸ். மூன்று பேரும் தி.பதி. மாற்றித் தருவதற்கு ஏழு நாள் கெடு, நாளையோடு முடிகிறது. பொட்டி என் மடியில். சரசா பரண் மேல் பத்திரமாக வைத்திருந்தாள், நல்லவேளை.

கடையில் அதே சேல்ஸ்மேன். ஃபேன் சூடு சாதாரணம்தான், கேமிங் லேப்டாப் அப்படித்தான் என்றான். ரேவதி விடவில்லை. படம் போட ஆரம்பித்துக் கவுன்டரிலேயே வைத்தாள். பதினெட்டாம் நிமிஷம் அணைந்தது. உடனே பேச்சு மாறியது. நீங்கள்தான் ஏதோ செய்திருப்பீர்கள், நாங்கள் கொடுத்தது சீல் உடைக்காத பீஸ். மேனேஜர் வந்தார். தெலுங்கில் மரியாதையாகத்தான் பேசினார்: "பழைய பீஸ் என்றால் வாங்கும்போதே சொல்லியிருப்பீர்களே. யாராவது சொன்னீர்களா?"

ஏழுமலை முன்னால் வந்து நின்றார். "எங்க மச்சான் சொன்னாரு சார். எனக்குத்தான் காது கேக்கல. அவுரு பொய் சொல்ற ஆளு இல்ல." இதைத் தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை. சுற்றி நின்ற ஜனம் அவர் காதைப் பார்த்தது.

என் கை தானாகப் பொட்டியை எடுத்துக் கவுன்டரில் வைத்தது. ரேவதி பிளேடு போட்டுக் கீறிய இடத்தை விட்டு, ஓரத்தில் நகத்தை நுழைத்து மேல் டேப்பை உரித்தேன். அடியில் கம்பெனி டேப். அதில் வேறொரு பழைய கீறல். மேல் டேப்பைத் திருப்பிக் காட்டினேன், அவர்கள் கடைப் பேர் அச்சடித்தது. "கம்பெனி டேப் மெஷின் ஒட்றது, ரெண்டு பக்கமும் ஒரே அளவுல மடியும். இது கையால ஒட்னது, இந்தப் பக்கம் நீட்டிக்கினு கீது. தொறக்காத பொட்டிக்கு உங்க டேப் ஏன் சார்?"

மேனேஜர் டேப்பைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். எப்படித் தெரியும் என்றார்.

பதினெட்டு வருஷம் நான் சொல்லி வந்தது சர்வீஸ் செக்‌ஷன். ரேவதி பக்கத்தில் நிற்கிறாள். "பேக்கிங்" என்றேன். "குவைத்துல. கோடௌன்ல ஆறு வருஷம் பொட்டி கட்னேன்."

மேனேஜர் சேல்ஸ்மேனை உள்ளே கூப்பிட்டுப் போனார். திரும்பி வரும்போது குரல் இறங்கியிருந்தது. ஒருவர் வாங்கி இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்த பீஸாம், தவறுதலாக வந்துவிட்டதாம். புதுப் பொட்டி வந்தது. "மீரே சூடண்டி சார்", நீங்களே பாருங்கள் என்று என் பக்கமே தள்ளினார். பார்த்தேன். ஒரே இழுப்பு டேப், இரண்டு பக்கமும் ஒரே அளவு. உண்மையாகவே எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்றை நாலு பேர் பார்க்கச் செய்தது இதுதான் முதல் தடவை.

பஸ்ஸில் ரேவதி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேக்கிங்னு எனக்கு முன்னயே தெரியும் மாமா. நான் அஞ்சாவது படிக்கசொல்லவே அத்த சொல்லிச்சி."

"நைனாவுக்கு?"

"எல்லாருக்குந்தான். நீ சர்வீஸ் கத சொல்லசொல்ல ஜாலியா இருக்கும்னு யாரும் கேக்கறதில்ல."

எல்லாருக்கும் தெரியும். புதன்கிழமை டேப் மேல் டேப்பைப் பார்த்ததும் "நான் பொட்டி கட்டியவன், இது திறந்த பொட்டி" என்று சொல்லியிருந்தால் ஒன்றும் குறைந்திருக்காது. இவ்வளவையும் ஒரு சர்வீஸ் செக்‌ஷனுக்காக, அதுவும் யாரும் நம்பாத சர்வீஸ் செக்‌ஷனுக்காக.

முன் சீட்டில் ஏழுமலை. வடமாலபேட்டை வரை இடது காதை ஜன்னல் பக்கம் வைத்து வண்டிச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டே வந்தார். லாரி. ஆட்டோ. பள்ளிக்கூடப் பஸ். ஒவ்வொன்றுக்கும் லேசாகத் தலையாட்டினார்.

ஜூலை 16, செவ்வாய்

வெயில். கறுப்புக் கோடு போய்விட்டது, டிரம்மைத் துடைத்தேன். நாளைக்கு ஆடி பிறக்கிறது.

புது லேப்டாப் நிற்காமல் வேலை செய்கிறது. இரண்டு படம் முடிந்தது, மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது. ரேவதி போனுக்கு அனுப்பினாள். மஞ்சள் தூண் வைத்த மாடி வீடு, வாசலில் கார், காரின் கண்ணாடியில் தென்னை மர நிழல்கூட விழுகிறது. சூடு கொஞ்சம் இருக்கிறதாம், அணையவில்லை. இதுதான் நல்ல பீஸ். போன வருஷத்து மாடல்தான், இந்த விலைக்கு வாங்கலாம். இந்தத் தடவை தெரிந்து சொல்கிறேன்.

சரசா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். பால் வாங்கப் போன இடத்தில் என் காதில் விழுந்தது: "எங்கண்ணன் மொதல்லயே சொல்லிச்சி. எங்க வூட்டாளுக்குத்தான் காது வுழல. இன்னா பண்றது, நல்லா இருந்த காதும் போச்சி." பால்காரம்மா உச்சுக் கொட்டினாள். நான் நின்று கேட்டுவிட்டு, பால் வாங்காமல் வந்துவிட்டேன்.

மத்தியானம் அந்தப் பக்கம் போனபோது ஏழுமலையின் வெள்ளைச் சட்டை இஸ்திரிக் கடையில் தொங்கியது. நாளை முதலாளியைப் பார்க்கப் போவதற்கு.

இப்போது மணி நாலரை. கடையில் ஆள் இல்லை. வெள்ளிக்கிழமைப் பக்கத்தை மூன்று தரம் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். தோள், நல்ல காது, தலையாட்டினார், எல்லாம் கண்ணில் பார்த்த மாதிரி. வலது காதில் சொன்னேன் என்று எழுதியிருந்தாலாவது தொலைந்திருக்கும். கேட்காத காது, கேட்கவில்லை, அவ்வளவுதான். கதை நன்றாக இருக்க வேண்டும் என்று இடது காதை நான்தான் போட்டேன்.

நடந்தது: பொட்டி வந்தது. டேப்பைப் பார்த்தேன். ஏழுமலை என்னைப் பார்த்துத் தாடையைத் தூக்கினார், எப்படி என்று. பேக்கிங் என்று சொல்ல வேண்டி வருமே என்று நினைத்தேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். ஸ்கிரீன் அந்த நேரத்தில் மூடிக் கிடந்தது.

அவர் டூட்டி முடிந்து ஐந்து மணிக்கு இந்த வழியாகத்தான் வருவார். சொல்ல வேண்டியதை எழுதிப் பார்க்கிறேன், இல்லாவிட்டால் வாய் வேறெங்காவது போய்விடும்.

மாப்ள, நான் சொன்னது கொஞ்சம் மெதுவாத்தான் சொன்னேன். (பொய். அடித்தாகிவிட்டது.)

மாப்ள, சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள பில்லு. (இதுவும்.)

மாப்ள, ஒன் காது நல்லா கீது. நான் சொல்லவே இல்ல.